எர்த் குழிக்கு ஒரு குடம் நல்ல தண்ணி

மாரிக்கனி வீட்டு எர்த் கம்பி, கரண்டோடு சேர்த்து மனுசர் நெஞ்சில் கிடக்கிற உறுத்தலையும் மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது என்று தெரிந்த அன்றைக்கு ஆசீர்வாத நகரில் ஒருத்தர்கூட மூக்கில் விரலை வைக்கவில்லை. வரிசையில் யார் முதலில் நிற்பது என்றுதான் அடித்துக்கொண்டார்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே, ரயில்வே கேட்டைத் தாண்டி, கரிசல் காட்டைப் பிளாட் போட்டு விற்றபோது வாங்கிக் குடியேறிய சனம் அது. ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு இரும்பு கேட்டு, கேட்டுக்கொரு 'நாய் ஜாக்கிரதை' பலகை, நாய் மட்டும் எந்த வீட்டிலும் கிடையாது. அப்பேர்ப்பட்ட மகராசர்களிடம் போய் இதெல்லாம் எப்படி நடக்கும், ஏன் நடக்குது என்று கேட்டால் என்ன கிடைக்கப்போகிறது? ஓசியில் கிடைக்கிறதா, பின்னே என்ன கேள்வி என்பார்கள்.

அந்தக் கம்பி அந்த வீட்டுக்கு வந்ததே காலங்கடந்துதான். மாரிக்கனி கிரைண்டரில் இட்லி மாவாட்டி விற்கிறவள். அவள் புருசன் லிங்கத்துரை கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவன். நாள் முழுக்க வெல்ல வாசத்திலேயே கிடந்துவிட்டு வந்து, 'எனக்கு டீக்குச் சீனி போடாதே, திகட்டுது' என்று சொல்லுகிறவன். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, சாராய வாடை அடித்தால் பஸ்ஸில் எழுந்து வேறு இடம் போய் உட்காருகிறவன். அவனுக்கு ஒரு அண்ணன். பெயர் சேர்மத்துரை, எலக்ட்ரிக்கல் காண்டிராக்டர், நகரில் பாதி வீட்டுக்கு அவர்தான் வயரிங். தம்பி வீட்டுக்கும் அண்ணன்தான் செய்தார். அண்ணன் செய்தால் சும்மாவா, சுவிட்செல்லாம் பளபளவென்று, பாத்ரூமில்கூட இரண்டு லைட்டு. எர்த் மட்டும் போடவில்லை. பச்சை வயரை ஊருக்குக் காட்டுவதற்காக அறை அறையாக இழுத்து, மோட்டருக்கும் கிரைண்டருக்கும் கொடுத்து, மெயின் போர்டு வரைக்கும் கொண்டுவந்து, அங்கே வாலைச் சுருட்டிச் சுவருக்குள் திணித்துச் சிமெண்டு பூசிவிட்டுப் போய்விட்டார்.

பிறகென்ன, ஒரு நாள் காலையில் மோட்டர் பாடியில் கரண்ட் இறங்கிக் கிடக்க, அது போவதற்கு மண்ணுக்குள் வழி இல்லாமல் காத்துக் கிடக்க, லிங்கத்துரை போய்த் தொட்டான். போய்விட்டான். சேர்மத்துரை தெருவில் விழுந்து புரண்டு அழுதார். அழுகிற அழுகைக்கு நடுவிலேயே, ஒரு வார்த்தையையும் நடுத்தெருவில் வைத்தார். "குடிச்சிருந்தான்யா என் தம்பி! காலங்காத்தால குடிச்சிட்டு ஈரக் கையோட மோட்டர்ல கையை வச்சிட்டானே, நான் என்ன செய்வேன்!"

தெருவுக்கு அது சட்டென்று செரித்தது. குடித்தவன் செத்தான், நம் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, ஆகவே நம் வீட்டு மோட்டர் ஒன்றும் செய்யாது என்று நிம்மதியாகப் போய்க் குளித்தார்கள். அதே சேர்மத்துரை தங்கள் வீட்டுக்கும் வயரிங் செய்தவர் என்பதை யோசிக்க ஒருத்தனுக்கும் துப்பில்லை.

காரியம் எல்லாம் முடிந்தபின் மாரிக்கனி வேறொரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டாள். மைக்கேல் என்று ஒருத்தன். வேலையைவிட வாய் நீளம். அவன் சுவரைத் தட்டிப் பார்த்து, பூச்சைப் பெயர்த்து, பச்சை வயரின் வாலை வெளியே இழுத்துப் போட்டான்.

"யக்கா, இது எர்த்து இல்ல. சுவத்துக்குக் கட்டுன அரைஞாண் கயிறு!"

மாரிக்கனி அந்த வாலை வெட்டித் தரச் சொல்லி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மைக்கேல் பின்வாசலில் முருங்கைக்குப் பக்கத்தில் ஆள் மறைகிற ஆழத்துக்குக் குழி தோண்டி, துளை போட்ட பைப்பை நட்டு, மிச்சப் பச்சை வயரை அதோடு இணைத்து, சுற்றிலும் சீமைக்கருவேலங்கரி ஒரு அடுக்கு, தூத்துக்குடிக் கல்லுப்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடி, பைப்பின் வாயில் ஒரு புனலைச் செருகினான்.

"தினம் ஒரு குடம் தண்ணி இதுல ஊத்தணும்க்கா. ஈரம் இருந்தாத்தான் எர்த்து எடுக்கும். மண்ணு காஞ்சுதுன்னா, உள்ள போன கரண்டு போன வழியே திரும்பி வந்து நிக்கும், பாத்துக்கிடுங்க."

அவள் கேட்டது பெரிய கேட்பு ஒன்றும் இல்லை. கேசா போட்டாள்? நட்ட ஈடு கேட்டாளா? குடிகாரன் என்று எந்தத் தெருவில் சொன்னாரோ அதே தெருவில் நின்று, என் தம்பி குடிக்கவில்லை, நான்தான் எர்த் போடாமல் விட்டேன் என்று சேர்மத்துரை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முந்தானை முடிச்சை அவிழ்த்து வயரை அவர் முன்னால் வைத்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சிருக்கும்மா" என்றார். எலி கடித்ததாம்! சிமெண்டுக்குள் போய், பல் விளக்கிவிட்டுக் கடித்துவிட்டு, திரும்பப் பூசிவிட்டும் போனதாம்.

இப்படி இருக்கும்போதுதான் செல்வரதி டீச்சர் மாவு வாங்க வந்தாள். பின்வாசலில் நின்று பேசுகிறவள், சும்மா இல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு எர்த் பைப்பில் கையை ஊன்றி நின்றாள். கையிலிருந்து சுர்ரென்று ஏதோ இறங்கியது. முருங்கையில் இரண்டு இலை உதிர்ந்தது. டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள்.

"ஏ மாரிக்கனி, எங்க மாமியார ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக் கொண்டுபோய் மதுரை ஆசிரமத்துல விட்டுட்டு வந்தேன்ல? தினம் நெஞ்சுக்குள்ள முள்ளாக் குத்தும்டி. இப்பப் பாரு, ஒண்ணுமே தோணல!"

சொல்லிவிட்டு, மாவுத்தூக்கை ஆட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி போனாள். போகிற வழியில் நாலு வீட்டில் சொன்னாள். சாயந்திரம் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது.

அதன் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் வாய் வலிக்கும். நகர் நலச் சங்கத் தலைவர் பால்வண்ணநாதன், பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையரானவர், சங்கத்தைக் கூட்டித் தகரக் கொட்டகை போட்டார். காலையில் பெண்கள், மாலையில் ஆண்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாரும் என்று பலகை வைத்தார். இடது கையால் தொடுவதா வலது கையால் தொடுவதா என்று இரண்டு கட்சி உண்டாகிச் சட்டையைப் பிடித்துக்கொண்டது. தேங்காய் பழத்துக்குப் பதில் உப்புப் பாக்கெட் கொண்டுவருவது வழக்கமாயிற்று. புனலுக்கு மஞ்சள் பூசினார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பட்டுத் துண்டும் கட்டினார்கள். நகராட்சிக் குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை வருகிற நல்ல தண்ணியை, தங்கள் பிள்ளைக்கு அளந்து ஊற்றுகிற தண்ணியை, குடம் குடமாகக் கொண்டுவந்து குழியில் ஊற்றினார்கள். உப்புத் தண்ணியில் இறக்கினால் உறுத்தலில் கொஞ்சம் தங்கிவிடுமாம். அதை எந்த மேதாவி கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

ஆனால் ஒரு காரியத்தை மட்டும் யாரும் செய்யவில்லை, தப்பு செய்வதை நிறுத்தவில்லை. எதற்கு நிறுத்த வேண்டும்? பால்காரர் கருத்தையா அதுவரைக்கும் முக்குத் திரும்புகிற இடத்தில் நின்று பாலில் தண்ணீர் ஊற்றியவர், இப்போது வாங்குகிறவர்கள் வாசலிலேயே ஒரு சொம்பு தண்ணி கேட்டு வாங்கி ஊற்றினார், அவர்களும் கொடுத்தார்கள். பால்வண்ணநாதன் பொதுப்பாதையை வளைத்துச் சுவர் எழுப்பி, கேட்டவர்களிடம் "ஆமா, பாதைதான். இப்ப சுவரு" என்றார். மன்னிச்சிருங்க என்கிற வார்த்தையே தெருவில் புழங்காமல் போயிற்று. சாவு வீட்டில் ஒப்பாரிச் சத்தமும் குறைந்தது; அழுத அழுகையில் பாதி உறுத்தலில் வந்த அழுகைதான் போலிருக்கிறது. எல்லார் முகமும் பவுடர் போட்டது மாதிரி தெளிந்து கிடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

மாரிக்கனி ஒருத்திதான் அந்தப் பைப்பைத் தொடாதவள். தினம் காலையில் பிளாஸ்டிக் குடத்தால் தண்ணீர் ஊற்றுவாள், விரல் படாமல் ஊற்றுவாள். அவளுக்கும் இறக்கி வைக்க ஒன்று இருந்தது. மோட்டர் குழாயைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்று மாதக்கணக்காக அவளுக்குத் தெரியும். சேர்மத்துரை அத்தான் செய்த வேலையைக் குறை சொன்னால் வீட்டுக்குள் சண்டை வருமே என்று ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். அன்றைக்குக் காலையில், அரிசி களையத் தண்ணி இல்லை, மோட்டரைப் போடுங்க என்று சொன்னவளும் அவள்தான். அது தினம் அவள் தொண்டையில் வந்து நிற்கும். நிற்கட்டும் என்று விட்டாள். அவனிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அது. அதையும் குழியில் கொட்டிவிட்டு வெறும் ஆளாக நிற்க அவளுக்கு மனசில்லை.

பின்னே ஏன் அத்தனை கூட்டத்தையும் பின்வாசலில் விட்டாள் என்றால், அவள் கணக்கு வேறு. உறுத்தல் இறங்கினவன் எல்லாம் வாயைத் திறக்கிறான். மறைக்கிறதற்கு ஒன்றுமில்லாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுகிறான். சேர்மத்துரையும் ஒரு நாள் வருவார், தொடுவார், சொல்லுவார். தெருவே வரிசையில் நிற்கும், தெருவே கேட்கும். லிங்கத்துரையின் பெயர் கழுவிய பாத்திரமாகத் திரும்பி வரும். இந்த நம்பிக்கையில்தான் தினம் ஒரு குடம் ஊற்றினாள்.

வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளை வேட்டி கட்டி, பல்லிடுக்கில் வடைத் துணுக்கைக் குச்சியால் நோண்டிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றினார், பைப்பைப் பிடித்தார். மற்றவர்களுக்கு நொடியில் இறங்குவது அவருக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. தகரக் கொட்டகை வண்டு மாதிரி ரீங்கரித்தது, முருங்கை ஒரு கிளை முழுக்க இலையைக் கொட்டியது. மாரிக்கனி கரண்டியும் கையுமாக மாவுப் பானைக்குப் பக்கத்தில் நின்றாள். சேர்மத்துரை கையை எடுத்து, விரலை உதறிக்கொண்டார்.

"ஆமா மாரிக்கனி, நான்தான் எர்த்துப் போடல. குழி தோண்ட ஆளு வரல, எனக்கும் அன்னைக்கு ஒரு கல்யாண வீடு. வாலைச் சுருட்டிச் சுவத்துல வச்சுப் பூசிட்டேன். அவன் எங்க குடிச்சான், பாவம்! நாந்தான் சும்மா சொன்னேன். சரி, மாவு இருக்கா? உங்க அக்கா வாங்கிட்டு வரச் சொன்னா. கொஞ்சம் கெட்டியாப் பாத்துப் போடு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டார்கள். "அப்படியா" என்றார் பால்வண்ணநாதன். "டீச்சர், நீங்க வாங்க, அடுத்து நீங்கதான்" என்றார்.

அடப்பாவிகளா! ஒரு மனுசனைக் கொன்றேன் என்று ஒருத்தன் சொல்லுகிறான், அதற்கு இது பதில். மாரிக்கனி எந்த வார்த்தைக்காக அத்தனை நாளும் காத்துக் கிடந்தாளோ அந்த வார்த்தை கிடைத்துவிட்டது, பதராகக் கிடைத்தது. கெட்டியாகப் பார்த்து மாவை அள்ளிப் போட்டாள், விளிம்பில் வழிந்ததைத் துடைத்து மூடிக் கொடுத்தாள். அவர் போனபின் அடுப்படிக்குள் போய் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்துவிட்டு எழுந்து போய் மெயினை இறக்கினாள். லைட்டு போயிற்று, ஃபேன் போயிற்று, சோறு போடுகிற கிரைண்டரும் நின்றது. பின்வாசலுக்குப் போய்ப் பட்டுத் துண்டைப் பிடுங்கி எறிந்து, புனலை உருவிவிட்டு, பைப்பின் வாயில் கிரைண்டர் குழவிக்கல்லைத் தூக்கி வைத்தாள். வரிசை என்னம்மா என்னம்மா என்றது.

"எர்த்து இனிமே கிடையாது. போங்க எல்லாரும்."

"அதெப்படிம்மா, பொதுச் சொத்து அது. சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கு" என்றார் பால்வண்ணநாதன்.

"கரண்டே இல்லாத வீட்டுக்கு எர்த்து எதுக்குய்யா?" என்றாள் மாரிக்கனி.

அன்றைக்கு மாவு கிடைக்காமல் ஊரே உப்புமா தின்றது.

சித்திரை வெயில். கரிசல் மண் கொஞ்சம் காய்ந்தாலே வாய் பிளக்கும். குழியைச் சுற்றிக் கை நுழைகிற அளவுக்குப் பிளந்தது. மைக்கேல் சொன்னது பொய்யில்லை. போனதெல்லாம் போன வழியே திரும்பி வரத் தொடங்கியது. முதலில் கருத்தையாவுக்கு வந்தது: பால் கேனைத் தொட்டார், சுள்ளென்று அடித்தது, அடியோடு அடியாக, வருசக்கணக்காக ஊற்றிய தண்ணீரும் அதைக் குடித்து நோஞ்சானாகப் போன பிள்ளைகள் முகமும் நெஞ்சில் ஏறியது. செல்வரதி டீச்சருக்கு இரும்பு கேட்டின் தாழ்ப்பாளில் வந்தது. பால்வண்ணநாதன் தன் வீட்டு இரும்பு கேட்டைத் திறக்க முடியாமல், வளைத்துக் கட்டிய சுவரிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிக் குதித்தார். இரும்பு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அவரவருடையது அவரவருக்காகக் காத்திருந்தது. வாயில் கரியும் உப்பும் கரித்தது.

சரி, இப்போதாவது போய் ஒரு மன்னிப்புக் கேட்டார்களா? கேட்பார்களா! ரப்பர் கையுறை வாங்கினார்கள். கடைவீதியில் கையுறைக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. சங்கத்துப் பார்க்கில் புதிதாகக் குழி தோண்டி, மைக்கேலையே கூப்பிட்டு, அதே கரி, அதே உப்பு, அதே பைப்பு போட்டுப் பிடித்துப் பார்த்தார்கள்; அவன் வேலை சுத்தம், அந்தக் கம்பி கரண்டை மட்டும் எடுத்தது. மாரிக்கனி வீட்டுக்குள் புகுந்து கல்லைத் தூக்கிவிடலாம் என்று கிளம்பினவர்களை அவள் வீட்டு இரும்பு கேட்டே அடித்துத் துரத்தியது. அந்த கேட்டில் கையுறையும் செல்லவில்லை. டீச்சர் மட்டும் மதுரைக்குப் போய் மாமியாரைக் கூட்டிவந்தாள். மனசு திருந்தி என்று நினைத்துவிட வேண்டாம், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் தினம் விழுந்து எழுந்து பள்ளிக்கூடம் போக முடியவில்லை. எப்படியோ அந்தக் கிழவிக்கு வீடு கிடைத்தது.

சேர்மத்துரை இரும்போடு பிழைப்பு நடத்துகிறவர். டெஸ்டரைத் தொட முடியவில்லை, கட்டிங் பிளேயரைத் தொட முடியவில்லை, வீட்டில் சோற்றுக் கரண்டியைத் தொட முடியவில்லை. ஒரு நாள் உச்சி வெயிலில், செருப்பில்லாமல், முகத்தில் பத்து நாள் தாடியோடு, தோளில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாரிக்கனி வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் வெளியே வந்தாள்.

"கல்லை எடும்மா. ஒரே ஒரு குடம் ஊத்திக்கிடுதேன்."

"எதுக்கு அத்தான்?"

"தாங்க முடியல மாரிக்கனி. எதைத் தொட்டாலும் அவன் மூஞ்சிதான் தெரியுது. அண்ணே அண்ணேன்னு கூப்பிடுதான்."

"அன்னைக்கு மாவு வாங்க வந்தப்போ ஒண்ணு சொன்னீங்க. அதை இப்பச் சொல்லுங்க."

அன்றைக்கு வெண்ணெயாக வழுக்கி வந்த வார்த்தை இப்போது வரமாட்டேன் என்றது. குடத்தைக் கீழே வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு கையாலும் அந்த கேட்டைப் பிடித்தார். ஆளை உலுக்கிப் போட்டது. பிடித்த பிடியை விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்தெடுத்தார்.

"லிங்கம்... குடிக்கல."

"கேக்கல அத்தான். தெருவுக்குக் கேக்கணும்."

"என் தம்பி குடிக்கல! குடிக்கவே மாட்டான்! நான் எர்த்துப் போடல! சோம்பேறித்தனத்துல வாலைச் சுவத்துல வச்சுப் பூசிட்டேன்! நான்தான்யா கொன்னேன் அவனை, பொணத்துக்கு மேல பழியையும் போட்டேன்!"

கதவுகள் திறந்தன. ரப்பர் கையுறை மாட்டிய கைகளோடு தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. அன்றைக்கு அப்படியா என்று கேட்டுவிட்டு நகர்ந்த ஆட்களில் ஒருத்தரால்கூட இப்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பால்வண்ணநாதன் தன் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றார். சேர்மத்துரை கேட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு கேவிக் கேவி அழுதார். தம்பி செத்த அன்றைக்கு அழ வேண்டிய அழுகை அது.

மாரிக்கனி இறங்கி வந்து கேட்டைத் திறந்தாள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை. எதையும் இறக்காதவளுக்குத் திரும்பி வர என்ன இருக்கிறது?

"இப்ப ஊத்தட்டுமாம்மா?" என்றார் சேர்மத்துரை, மூக்கு ஒழுக.

அவள் குடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"நல்ல தண்ணி. நம்ம வீட்டுக் குழாய்ல பிடிச்சது."

"அப்போ குடுங்க. உலைக்கு ஆகும்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். மெயின் இறங்கிய வீட்டின் இருட்டில் அடுப்பைப் பற்ற வைத்து, அந்தத் தண்ணியில் உலை வைத்து, லிங்கத்துரை இருந்தபோது போடுகிற அளவுக்கு அரிசி களைந்து போட்டாள். சோறு கொதித்து, வடித்து, ஆறுகிற வரைக்கும் சேர்மத்துரை கேட்டில் வைத்த கையை எடுக்கவில்லை.